வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் கணினி விற்பனையாளர் சங்கம் ஆண்டு மலர் ஒன்று போடுகிறது. இந்த முறை மலர்க் குழுவினர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். நான் வேலையை விட்டு வந்த பிறகு, எந்தப் பாகம் எதோடு பொருந்தும் என்று சொல்ல இணையதளங்கள் வந்துவிட்டன. என்னிடம் கேட்டு வந்த பிள்ளைகளுக்கே அது தெரியும். இன்று நான் ஒரு பட்டியல் எழுதினால் மலர் அச்சாகி வருவதற்குள் அது பழசாகிவிடும்.

அதனால் ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் போட்ட பாகங்களில் ஒன்றுகூட இன்று சந்தையில் கிடையாது. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்த முறை இன்றைக்கும் சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மாடிக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். நாடு கதவைத் திறந்து விட்டதும் வெளிநாட்டுச் சாமான்கள் வரத் தொடங்கியிருந்த காலம். அரிசி ஆலைக்காரர்கள் கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதற்குத் தனி அறை கட்டி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார்கள். பிறகு ஊருக்கு ஊர் பயிற்சி மையம் வந்தது, பிரவுசிங் சென்டர் வந்தது. பில் போட்டுக்கொண்டிருந்த நான் சேர்ந்த இரண்டாவது வருடமே பாகங்களைப் பூட்டும் அசெம்ப்ளி மேசைக்கு மாறிவிட்டேன். அந்த மேசையை விட்டு எழுந்தது ஓய்வு பெற்ற அன்றுதான்.

கடை முதலாளி கலியமூர்த்தி சார் சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் வேலையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மெதுவாகத்தான் பேசுவார். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். பிராசசரைத் தொடுவதற்கு முன் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அடுத்த கடையைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்ல மாட்டார். விலை குறைந்த சாமானை மட்டமானது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "உங்களுக்கு இது போதும்" என்பார்.

வருகிறவர்கள் எல்லாரும் எந்த பிராசசர், எவ்வளவு ராம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். சார் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வேறு மூன்று கேள்விகள் கேட்பார். இதில் என்ன ஓடப்போகிறது? இது எங்கே இருக்கப்போகிறது? யார் உட்காரப்போகிறார்கள்? பதில் வந்த பிறகு சுவரிலிருந்து ஆரம்பிப்பார். பிளக் பாயிண்ட், அதற்கு எர்த் இருக்கிறதா, யூ.பி.எஸ்., அடுத்து எஸ்.எம்.பி.எஸ். சுவரில் வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். அதற்குப் பிறகுதான் மதர்போர்டு, பிராசசர், ராம், கடைசியில் திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு. மற்ற கடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். கார்டுக்கும் பிராசசருக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு எஸ்.எம்.பி.எஸ். மாட்டுவார்கள்.

சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில் பார்சல் வந்ததும் சார் முதலில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளைத்தான் பிரிக்கச் சொல்வார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். கனம் குறைவாக இருந்தால் உள்ளே கம்பிச்சுருளிலும் செம்பிலும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் போட்டிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை, அது திரும்பிப் போய்விடும். பாகங்களை நேராகக் கேபினெட்டுக்குள் மாட்ட விடமாட்டார். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, எல்லாவற்றையும் வெளியே இணைத்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். "மூடின பிறகு தேடுறதைவிடத் தொறந்திருக்கும்போதே பாத்துடலாம் மங்கை" என்பார். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அதை யாரும் கடைசிவரை சொன்னதில்லை.

பிராட்பேண்ட் வந்த புதிதில் கூத்தாநல்லூரிலிருந்து கரீம் பாய் என்று ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கூட அவருடைய மருமகள் ஷாஹிதா. மகன் நஸீர் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். மருமகள் கம்ப்யூட்டரில் கணக்குப் படிக்க வேண்டும் என்று மகன் சொல்லியிருக்கிறான் என்றார் பெரியவர். ஆனால் மகன் அனுப்பியிருந்த விவரத்தில் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று முதலில் நின்றது. கணக்குப் படிக்க அந்தக் கார்டு எதற்கு என்று நான் கேட்கும் முன், கேட்டுவிடாதீர்கள் என்பதுபோல் ஷாஹிதா என்னைப் பார்த்தாள். நான் பில் புத்தகத்தை எடுத்தேன்.

நஸீர் கடைக்கே போன் செய்தார். கார்டைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டால் நல்ல யூ.பி.எஸ். போடலாம் என்று சார் சொல்லிப் பார்த்தார். நஸீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஷார்ஜாவில் அவருடைய அறையில் நாலு பேர் அதே கார்டு வைத்திருக்கிறார்களாம், ஆட்டம் நன்றாக ஓடுகிறதாம். வீட்டில் கரண்ட் எப்படி என்று கேட்டதற்கு, ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் ஓடுகிற வீடு, ஒரு குறையும் இல்லை என்று கரீம் பாய் சொல்லிவிட்டார். அவர் வைத்திருந்த தொகைக்குள் அந்தக் கார்டையும் சேர்த்துக்கொண்டு, சாதாரண யூ.பி.எஸ். ஒன்றோடு மெஷினைக் கட்டிக் கொடுத்தேன். மேசையில் ஒரு பகல் முழுக்க நஸீர் சொன்ன அந்தத் துப்பாக்கி சுடும் ஆட்டத்தை ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சில வாரம் கழித்து, ஆட்டோவில் மெஷினை ஏற்றிக்கொண்டு கரீம் பாய் வந்து நின்றார். ஆட்டம் நடக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறதாம். "எடுத்துக்கிட்டுப் பணத்தைக் குடுத்துடுங்க. வீட்ல இது ஒரு தலைவலியா இருக்கு" என்றார். அதற்குள் ஆட்ட விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கணக்குப் படிக்கவென்று வாங்கிய பொருளில் மருமகள் துப்பாக்கிச் சண்டை போடுகிறாள் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மெஷினும் ஓடவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

வாக்குவாதத்தோடு வருகிறவர்களிடம் சார் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் உட்காரச் சொல்லி காபி வரவழைப்பார். அவர்கள் பாதி குடிக்கும்வரை பேச மாட்டார். பிறகும் என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார், எப்போது ஆகிறது என்றுதான் கேட்பார்.

"எப்ப நிக்குது பாய்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமைன்னா நிக்குது" என்றார் கரீம் பாய், கிண்டலாக.

சார் சிரிக்கவில்லை. அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டார். என்னிடம் திரும்பி, "மங்கை, வர்ற வெள்ளிக்கிழமை நீங்க கூத்தாநல்லூர் போய்ட்டு வந்துடுங்க. மீட்டரை எடுத்துக்குங்க" என்றார். பெரியவரிடம், அதற்கு மேலும் சரியாகவில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

மெஷினை மறுபடி மேசையில் போட்டு ஓட்டினேன். அது பாட்டுக்கு ஓடியது. அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை மன்னார்குடியில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். வீடு ஊரின் ஓரத்தில், வயலைப் பார்த்தபடி இருந்தது. குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த சமயம். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேராததால் சுற்றிலும் போர்செட்டை நம்பித்தான் பாய்ச்சல். ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மாமியார் எனக்கு நெய்ச்சோறு வைத்துவிட்டு உள்ளே போனார். மாடி அறையில் நானும் ஷாஹிதாவும் இருந்தோம். நான் பிளக் பாயிண்டைக் கழற்றி எர்த் பார்த்தேன். அது ஒழுங்காக இருந்தது.

"இந்த ஆட்டம் உனக்குப் பிடிக்குமாம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"முதல்ல பிடிக்கலைக்கா. அவங்க சொன்னாங்கன்னு ஆரம்பிச்சேன்" என்றாள். கல்யாணம் முடிந்த கையோடு நஸீர் ஷார்ஜா போய்விட்டார். அங்கிருந்து கம்ப்யூட்டர் வழியாகப் போன் பேச அப்போது தடை இருந்தது, ஆட்டத்துக்கு இல்லை. போன் கூடத்தில் இருந்தது, பேசும்போது சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, அவ்வளவுதான். அடுத்து மாமாகிட்ட குடுத்துடணும். அவங்க எப்படிச் சிரிப்பாங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா. இதுல ஆடும்போது மைக்ல பேசிக்கிட்டே ஆடலாம். மொத நாள் நான் சுவத்துல போயி முட்டிக்கிட்டு நின்னேன். அவங்க சிரிச்சாங்க. அன்னைக்குத்தான் கேட்டேன்."

வெள்ளிக்கிழமை நஸீருக்கு விடுமுறை. அந்த ஒரு நாள்தான் இருவருக்கும் கிடைத்தது.

தொழுகை முடிந்து எல்லாரும் திரும்பினார்கள். ஷாஹிதா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வோல்டேஜ் பார்க்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் பக்கத்து பிளக்கில் செருகி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஊசி இருநூற்று இருபதை ஒட்டி அசையாமல் நின்றது. ஆட்டம் சூடு பிடித்தது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது வயல் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் இன்னொருவருக்குக் குரல் கொடுத்தார், "த்ரீ பேஸ் வந்துடுச்சு." போர்செட்டுகளுக்கு நேரம் வைத்து விடும் மும்முனை மின்சாரம் அது. ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார்கள் எடுக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி தளர்ந்தது. மானிட்டரில் படம் நாலு பக்கமும் சுருங்கியது. மீட்டர் ஊசி நூற்று அறுபதுக்கு வந்தது. யூ.பி.எஸ். படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லாம் அணைந்துவிட்டது.

ஷாஹிதா ஹெட்செட்டைக் கழற்றவில்லை. அதில் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இதோட போச்சுக்கா. மறுபடி போட்டாலும் உடனே நின்னுடும். இனி அடுத்த வெள்ளிதான்" என்றாள்.

எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மற்ற நாட்களிலும் மோட்டார்கள் ஓடின, கரண்ட் இறங்கியது. ஆனால் அவள் கணக்குப் பாடம் படிக்கும்போது மெஷின் கொஞ்சம்தான் மின்சாரம் இழுக்கும், அந்தச் சாதாரண யூ.பி.எஸ். அதைத் தாங்கிவிடும். ஆட்டம் ஓடும்போது பெரிய கார்டு தாகம் பிடித்ததுபோல் இழுக்கும். அதே நேரத்தில் வெளியே மோட்டார்களும் இழுத்தால் யூ.பி.எஸ். கையை விரித்துவிடும். கரீம் பாய் கிண்டலாகச் சொன்ன பதிலில் முழு உண்மையும் இருந்தது.

கடைக்குத் திரும்பி சாரிடம் சொன்னேன். என்ன செய்யலாம் என்று அவர் என்னையே கேட்டார். பெரிய கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அந்த விலைக்கு ஒரு ஸ்டெபிலைசரும், கனமான எஸ்.எம்.பி.எஸ்.ஸும், குறைவாக மின்சாரம் எடுக்கும் சின்னக் கார்டும் போடலாம், வீட்டிலிருந்து மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டாம் என்றேன். சார் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்படியே செஞ்சிடுங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

நஸீரிடம் அவர் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பெரிய கார்டு இருந்தால் படம் அழகாக வரும், ஆனால் பாதியில் நிற்கும். சின்னக் கார்டில் படம் சுமார்தான், ஆனால் கடைசிவரை நிற்காது என்றார். "உங்களுக்குப் படம் வேணுமா, நேரம் வேணுமா தம்பி?" என்று கேட்டார்.  நேரம்தான் என்றார் நஸீர்.

மறுபடி கூத்தாநல்லூர் போய் எல்லாவற்றையும் மாற்றினேன். சின்னக் கார்டில் ஆட்டம் திக்கித் திக்கி ஓடியது. அது எதிர்பார்த்ததுதான். ஆட்டத்தின் அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாகக் குறைத்தேன். நிழல் வேண்டாம், புகை வேண்டாம், தூரத்து மரங்களில் பாதி போதும், தரையில் முளைத்திருக்கும் புல் அறவே வேண்டாம். ஒவ்வொன்றையும் குறைத்ததும் ஓட்டிப் பார்த்தேன். புல்லை எடுத்ததும் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. த்ரீ பேஸ் வரும்வரை அங்கேயே இருந்தேன். மின்விசிறி தளர்ந்தது, ஸ்டெபிலைசர் ஒருமுறை சொடுக்கியது, மெஷின் அசையவில்லை.

கருவிகளைப் பையில் எடுத்து வைக்கும்போது கரீம் பாய் மாடி ஏறி வந்து வாசலருகே நின்றார். இனிமேல் நிற்காது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"ஏம்மா, இந்தக் காதுல மாட்டுறது இல்லாம, எல்லாரும் கேக்குற மாதிரி ஏதும் வழி இருக்கா? எங்க மகன் குரலை நாங்களும் கேக்கணும்ல?"

ஷாஹிதா தரையைப் பார்த்தாள்.  அவர் கேட்டது தப்பே இல்லை. அவளுக்குக் கிடைத்திருந்த ஒரே ஒரு தனி நேரம் அதோடு போய்விடும் என்பதும் நிஜம்.

பையில் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தேன். அதன் முன்பக்கம் ஒரு துளை இருக்கும். ஹெட்செட்டை அதில் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அதை மேசையில் வைத்து அவரிடம் காட்டினேன். "முதல்ல இதுல கேட்டுக்கிட்டு, அந்த மைக்ல எல்லாரும் பேசுங்க பாய். நீங்க பேசி முடிச்சதும் இவங்க ஹெட்செட்டைச் செருகிக்குவாங்க. ஆட்டத்துல ஒரே துப்பாக்கிச் சத்தம், வீடே அதிரும்" என்றேன்.

அவர் அந்தத் துளையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"அது சரி. துப்பாக்கிச் சத்தம் எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அந்த மெஷின் அதன் பிறகு பழுது என்று வரவே இல்லை. ஷாஹிதாதான் அவ்வப்போது போன் செய்வாள். ஒரு நாள் குரலில் அத்தனை சந்தோஷம். நஸீரோடு மோதி மூன்று வாரமாக அவள்தான் ஜெயிக்கிறாளாம். "அவங்க புல்லுக்குள்ள போயி படுத்துக்குவாங்கக்கா. ஆளே தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு. எனக்குத்தான் புல்லே இல்லையே. மொட்டைத் தரையில படுத்திருக்கிற மாதிரி பளிச்சுன்னு தெரியிறாங்க." சின்னக் கார்டு செய்த உதவி அது. பெரிய கார்டுக்காரர்கள் அழகான புல்லுக்குள் ஒளிந்துகொள்ள, இவளுடைய திரையில் அவர்கள் வெட்டவெளியில் கிடந்தார்கள்.

நஸீர் முதல் விடுமுறையில் ஊருக்கு வருவதற்கு முந்தைய வாரம் அவளிடமிருந்து மறுபடி போன். புல்லைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று கேட்டாள். வழியைச் சொன்னேன். அவர் இருக்கும்வரை ஆட்டம் திக்கினாலும் பரவாயில்லையாம்.

விடுமுறையில் இருவரும் கடைக்கு வந்தார்கள். அப்போதுதான் நஸீரை முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியாக, கூச்ச சுபாவத்தோடு இருந்தார். "அப்படி என்னக்கா போட்டுக் குடுத்தீங்க இவளுக்கு? வாராவாரம் தோத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஷாஹிதா வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள். கரண்ட் சீராக வந்தால் எல்லாம் சீராக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

அவள் வேறொரு மேசையில் கீபோர்டு பார்க்கப் போனதும் நஸீர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்க்கா. நான் எங்க ஒளிஞ்சாலும் பாத்த மாதிரி சுடுறான்னா அவளுக்குப் புல் இல்லைன்னுதானே அர்த்தம்? அவகிட்ட சொல்லிடாதீங்க. ஜெயிச்சா அதைப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பா. எனக்கு அந்தப் பேச்சு வேணும்."

நான் இருவரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருட வேலையில் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்ட எதையும் நான் மீறியதில்லை.

சில வருடம் கழித்து நஸீர் ஒரேயடியாக ஊருக்கு வந்து அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தார். இரண்டாவது மெஷின் ஒன்று வேண்டும் என்று இருவரும் கேட்டு வந்தார்கள். அவருக்கு அவர் முன்பு ஆசைப்பட்டதைவிட நல்ல கார்டாகவே போட்டேன். அதற்குள் விலை இறங்கியிருந்தது, வீட்டுக்குத் தனி லைனும் இழுத்துவிட்டார்கள். நானே கொண்டுபோய் மாடி அறையில் இரண்டு மேசைகளையும் சேர்த்துப் போட்டு, இரண்டு மானிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அதே ஆட்டத்தைத் திறந்தேன். அவருடைய திரையில் புல் ஆள் உயரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய திரையில் வெறும் தரை.

ஷாஹிதா சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளுடைய திரையைப் பார்க்கவே இல்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மவுசைக் கையில் எடுத்து, நேராகப் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.